ஈறில் ரத்தம் கசிந்தால்

கேள்வி: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பயத்தில் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். கிளினிக்கில் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?

பதில்: விட்டுவிடாதீர்கள். ரத்தம் வரும் இடத்தைத்தான் தவறாமல், மென்மையாகத் தேய்க்க வேண்டும். ஈறோரம் படியும் கிருமிப் படலம்தான் வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். நாளாக ஆக எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து அது காரையாக இறுகும். பிறகு எந்தப் பற்பசைக்கும் அசையாது, மருத்துவர்தான் நீக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகு பல் ஆடினால், உள்ளே எலும்பு முன்பே கரைந்திருக்கிறது; காரை அதை மறைத்து முட்டுக்கொடுத்திருக்கிறது. இந்தப் பயத்தாலேயே நல்ல பல்லை இழப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மென்மையான பிரஷ், காலையும் இரவும் 2 நிமிடம். சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது கூடினால் ஈறு நோயும் முற்றும்.