ஆகஸ்டிலேயே ஹைஸ்மன் பட்டியல் போடுவது எப்படி?

அமெரிக்காவில் விளையாட்டுச் செய்திப் பிரிவிலோ, ஆட்டத் தரவுகளை அலசும் நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் மாதம் தவறாமல் வந்து சேரும் வேலை ஒன்று உண்டு: “ஹைஸ்மனுக்கு ஐந்து பேர் சொல்லு.” கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு 1935 முதல் தரப்படும் விருது அது. இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தொடங்கியிருக்காது; அதற்குள் டிசம்பரில் நியூயார்க் மேடை ஏறப்போவது யார் என்று எழுதித் தர வேண்டும். புதியவர்கள் உடனே யார் நன்றாக ஆடுவார் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். யாருக்கு ஓட்டு விழும் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

ஆகவே ஆட்டக்காரர்களுக்கு முன்னால் வாக்காளர்களைப் படியுங்கள். நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் வீதம் 870 ஊடகக்காரர்களுக்கு ஓட்டு. விருதை முன்பு வென்று இன்றும் உயிரோடிருப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. சீட்டில் மூன்று பெயர். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்தடுத்த பெயர்களுக்கு 2, 1. இந்த 3-2-1 கணக்கைப் பலர் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2009-இல் அலபாமாவின் மார்க் இங்ரம், ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட்டை வெறும் 28 புள்ளியில் முந்தினார். அப்படி நெருங்கி வரும்போது இரண்டாம், மூன்றாம் இடத்தில் விழும் பெயர்களுக்கும் எடை கூடிவிடும். உங்கள் எக்செல் தாளில் ஆட்டக்காரர் பெயருக்கு எதிரே ஆறு மண்டலத்துக்கும் ஆறு கட்டம் போட்டுவிடுங்கள். எந்தக் கட்டத்தில் அவர் பெயர் சீட்டிலேயே வராது என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2015-இல் பாரி சாண்டர்ஸின் 1988-ஆம் ஆண்டு மொத்த யார்டு சாதனையை உடைத்தும் இரண்டாம் இடம்தான் வந்தார். ஸ்டான்ஃபோர்ட் இருக்கும் மேற்குக் கரையின் இரவு ஆட்டங்கள் முடியும்போது கிழக்கில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆட்டத்தைப் பார்க்காதவர் எண்ணை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவது அரிது.

அடுத்தது, எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது. 2000 முதல் 2025 வரை 26 விருதுகளில் 21, பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்குகளுக்கே போயின. மீதி ஐந்து பேர்: ரெஜி புஷ், இங்ரம், டெரிக் ஹென்றி, டெவான்டா ஸ்மித், டிராவிஸ் ஹன்டர். தடுப்பாட்டக்காரருக்கு வாசல் ஏறக்குறைய சாத்தியே கிடக்கிறது. நோட்ரே டாம் அணி வழக்கமான பருவத்தில் தோல்வியே காணாத 2012-இல் அதன் லைன்பேக்கர் மான்டை டேயோவும், 2021-இல் மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சனும் இரண்டாம் இடத்தோடு நின்றார்கள். 1997-இல் வென்ற சார்ல்ஸ் உட்சன்கூட தடுப்போடு நிற்காமல் பந்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார், பாஸும் பிடித்தார். இது நியாயமா என்றால், இல்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் நியாயம் பேச வேறு கட்டுரை எழுதிக்கொள்ளலாம். கணிப்புத் தாளில் அதற்கு இடமில்லை. ஐந்தில் நான்கு குவார்ட்டர்பேக் என்று வையுங்கள்.

எந்தக் குவார்ட்டர்பேக் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. கல்லூரி மாறி வந்தவர்களை உற்றுப் பாருங்கள். பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே, ஜோ பரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், 2025-இல் இந்தியானாவுக்கு வந்த ஃபெர்னான்டோ மென்டோசா எல்லோரும் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் விருது வாங்கியவர்கள். பரோ 2018-இல் லூசியானா ஸ்டேட் அணிக்காக எறிந்த டச்டவுன் பாஸ்கள் 16. அடுத்த பருவம் முடிந்தபோது அந்த எண்ணிக்கை 60. போன வருடத்து எண்ணை மட்டும் நீட்டிப் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. பயிற்சியாளர் குழுவில் யார் புதிதாக வந்தார், பாஸ் பிடிப்பவர்களில் யார் யார் தங்கினார்கள் என்று பார்ப்பவருக்குக் கொஞ்சமாவது வாடை அடிக்கும்.

பருவத்துக்கு முன்னால் எல்லோரும் சொல்லும் பெயரிடம் எச்சரிக்கை தேவை. 2021-இல் பந்தயக்காரர்களின் முதல் பெயர் ஓக்லஹோமாவின் ஸ்பென்சர் ராட்லர். அக்டோபரில் டெக்சஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவிலேயே அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு கேலப் வில்லியம்ஸ் என்ற முதலாண்டு மாணவரை இறக்கினார்கள். மறு வருடம் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஹைஸ்மன் வாங்கியவர் அதே வில்லியம்ஸ். 2025-இலும் ஆகஸ்டில் ஊரே சொன்ன பெயர் டெக்சஸின் ஆர்ச் மேனிங்; விருது வாங்கியவரோ மென்டோசா. பந்தய விலையைப் பாருங்கள், தப்பில்லை; ஆனால் பிரபலப் பெயரின் பின்னால் ரசிகர் பணமும் ஓடுகிறது என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு இடத்தை யாரும் பேசாத ஒருவருக்கு ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.

பிறகு ஆட்ட அட்டவணை. நவம்பரில் நாடே பார்க்கும் பெரிய ஆட்டம் அவருக்கு உண்டா என்று பாருங்கள். 2012 நவம்பர் 10 அன்று முதலிடத்தில் இருந்த அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம் 29-24 என்று சாய்த்தது. ஜானி மேன்சியல், விருதை வென்ற முதல் முதலாண்டு ஆட்டக்காரர் ஆனதில் அந்த ஒரு மாலைக்குப் பெரும் பங்கு. அதே சமயம் தோல்விகளைப் பார்த்துப் பயந்து யாரையும் அடித்துவிடாதீர்கள். விருது வென்ற ராபர்ட் கிரிஃபின் (2011), டேனியல்ஸ் (2023), ஹன்டர் (2024) மூவரின் அணிகளும் வழக்கமான பருவத்தை 9-3 என்றே முடித்தவை.

இனி வேலைப் பழக்கம். “இவர்தான்” என்று எழுதாமல், “இவருக்கு 20 சதவீதம்” என்று எழுதுங்கள். பட்டியலில் தேதி போடுங்கள், காரணத்தை ஒரு வரியில் குறியுங்கள், திங்கட்கிழமைதோறும் திருத்துங்கள், பழையதை அழிக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சரியாக வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துப் போகாமல், பொய்த்த பட்டியலையும் எடுத்துச் சென்று எங்கே சறுக்கியது என்று விளக்குங்கள். வேலை தெரிந்த ஆசிரியர் அதைத்தான் கேட்பார்.

கடைசியாக ஒன்று. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் முடிந்த அடுத்த திங்களோடு ஓட்டு முடிகிறது. அதற்குப் பிறகு ஆடுவது கணக்கில் சேராது. 2005-இல் ரெஜி புஷ்ஷுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த டெக்சஸின் வின்ஸ் யங், 2006 ஜனவரியில் ரோஸ் பௌலில் புஷ்ஷின் அணியையே வீழ்த்தினார். ஓட்டு அதற்குள் எண்ணி முடித்தாகிவிட்டது.