நீரிறைக்கும் இயந்திரமும் இருசில்லு உழவு இயந்திரமும்: உள்ளுறுப்புக்களைத் தெரிந்து புதுப்பித்தல்

பனிச்சங்கேணியில் ஒரு புறம் கடலும் மறு புறம் களப்பும் இருப்பதனால், காற்று உப்பையும் நுண்மணலையும் ஓயாது சுமந்து வருகின்றது. மேட்டு நிலத்திற் கத்தரியும் மிளகாயும் செய்வோரின் நீரிறைக்கும் இயந்திரங்களையும், வயலுழுவோரின் இருசில்லு உழவு இயந்திரங்களையும் இவையிரண்டுமே உள்ளிருந்து தேய்க்கின்றன. பெரும்போக விதைப்போ மழையோடு ஒட்டிச் செய்யவேண்டியது. ஐப்பசியில் இயந்திரம் நின்றுவிட்டால் அப்போகமே கைநழுவிப் போகலாம். ஆதலின் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலையை ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே முடித்துக்கொள்வது நன்று.

இருசில்லு உழவு இயந்திரத்தை இலங்கையிற் பொதுவாகவே லாண்ட்மாஸ்டர் என்பர். அது 1950களில் இங்கு வந்த பிரித்தானிய இயந்திரமொன்றின் பெயர். அதன் உருவாக்கத்திற் பங்குகொண்டவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). இன்று அப்பெயரால் அழைக்கப்படுவனவற்றுட் பல வேறு நிறுவனங்களின் டீசல் இயந்திரங்களாகும். எனவே உறுப்பு வாங்கச் செல்பவர் வழக்குப் பெயரைச் சொல்லிக் கேட்டல் போதாது. இயந்திர உடலிற் பொறித்துள்ள மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு செல்லல் வேண்டும்.

புகை நீலமாக வருதல், ஒயில் விரைவிற் குறைதல், ஒயில் ஊற்றும் வாயினாற் புகை தள்ளுதல் ஆகியன பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தமைக்கு அடையாளங்கள். இந்நிலையிற் பலர் ரிங்கை மட்டும் மாற்றிப் பார்க்கின்றனர். செலவு குறைவு என்பதே காரணம். ஆயின் சிலிண்டரை அளவாது ரிங் வாங்குதல் பெரும்பாலும் பணத்தை இருமுறை செலவழிப்பதாகவே முடிகின்றது.

சிலிண்டரின் தேய்வு எங்கும் ஒரே அளவாயிராது. மேல் ரிங் திரும்பும் இடத்திலேயே அது மிகும்; அங்கு வெப்பம் அதிகம், ஒயில் குறைவு, காற்றோடு புகும் மணலும் அங்கேயே முதலிற் படும். அதற்கு மேலே தேயாத பகுதி வயல் வரம்பு போல உயர்ந்து நிற்கும். விரல் நகத்தை மேல்நோக்கி இழுக்கும்போது அது தடுக்குமாயின், புது ரிங் அவ்வரம்பில் மோதி உடையக்கூடும்.

அளவுகருவி இல்லாதவரும் தேய்வை அறிய ஒரு வழியுண்டு. ஒரு ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி மட்டப்படுத்தி, அதன் வாயிடைவெளியைத் தடிப்பளவுத் தகட்டினால் அளக்க. பின்பு வரம்பிற்குச் சற்றுக் கீழே வைத்து மீண்டும் அளக்க. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை 3.14 ஆற் பிரித்தால் விட்டத்தின் தேய்வு கிடைக்கும். கீழே 0.3 மில்லிமீற்றரும் மேலே 0.9 மில்லிமீற்றரும் இருப்பின், தேய்வு ஏறக்குறைய 0.19 மில்லிமீற்றர். இது இயந்திரக் கைந்நூல் கூறும் எல்லையைக் கடந்ததாயின் சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்தல் வேண்டும். லைனர் உள்ள இயந்திரமாயின் புது லைனர் இடலாம்.

பெருப்பித்த சிலிண்டருக்கெனப் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் கூடுதல் அளவுகளில் விற்கப்படுகின்றன. பிஸ்டனை முதலில் வாங்கி, அதனைக் கையிற் கொண்டே கடைச்சற் பட்டறைக்குச் செல்க. பட்டறைக்காரர் அப்பிஸ்டனை அளந்தே சிலிண்டரைக் கடையவேண்டும்.

கிராங்க் தண்டின் கழுத்தை ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளந்து, வட்டம் கெட்டிருப்பின் கடைந்து, குறைந்த அளவுக்குரிய பெயாரிங் இடுக. தேய்ந்த பெயாரிங்கிற் செம்பு நிறம் தெரியும். வால்வுகளை அரைபசையால் உரசிப் பொருத்தியபின், துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க. கசியாதிருந்தால் வேலை செவ்வையாயிற்று. பழைய பிஸ்டனின் பள்ளங்கள் அகலாதிருப்பின், உடைந்த ரிங் துண்டினாற் கரியைச் சுரண்டி அதனையே பயன்படுத்தலாம். இணைதண்டு ஆணிகளை மட்டும் புதிதாக இடுவதே பாதுகாப்பு.

நீர்த்தொட்டியாற் குளிரும் இயந்திரத்திற்குக் களப்பு நீரை ஊற்றலாகாது. நீர் கொதித்து ஆவியாகும். உப்போ உள்ளேயே தங்கி, ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் மேலும் செறிந்து, லைனரின் புறத்தை அரிக்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அத்தகைய வெள்ளத்தில் உப்பு நீர் புகுந்த இயந்திரத்தை இயக்கிப் பார்க்க முயலாது, உடனே நன்னீராற் கழுவி, பிரித்து, ஒயில் பூசி வைத்தல் வேண்டும்.

கடைந்து வந்த சிலிண்டரை மண்ணெண்ணெயால் மட்டும் துடைத்தால் அரைதூள் துளைகளிற் தங்கிவிடும். சுடுநீரும் சவர்க்காரமும் இட்டுத் தூரிகையாற் தேய்த்து, உலர்த்தி, ஒயில் தோய்த்த வெள்ளைத் துணியாற் துடைக்க. துணியிற் கறை படாதவரை கழுவுதலை நிறுத்தலாகாது. ரிங் வாய்கள் ஒரே நேரில் அமையாதவாறு சுற்றிப் பகிர்ந்து இடுக.

பொருத்திய இயந்திரத்தை முதல் 20 மணி நேரம் வரை பாரம் குறைத்து ஓட்டி, பின்பு ஒயிலை வடித்துப் புதிது ஊற்றுக. காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்திற் சேரும் மணலை, காற்று வீசும் நாட்களில் நாள்தோறும் பார்த்து அகற்றுக. கிண்ணத்தில் எண்ணெய் குறியளவுக்கு இருத்தல் வேண்டும்.