முதன்முதலாக வேட்டைநாய் வாங்கும் பிள்ளைகளுக்கு

சிப்பிப்பாறை வேண்டும், கன்னி வேண்டும் என்று நம் பையன்கள் கேட்டு வருகிறார்கள். நாட்டு இனத்தைத் தேடுவது எனக்குப் பெரிய சந்தோஷம். குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள், மக்களே.

1. வேட்டை முடிந்துபோன காரியம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. விரட்டினாலும் வேட்டைதான், விரட்டப் பார்த்தாலும் வேட்டைதான். முயல், உடும்பு, காட்டுப்பன்றி எல்லாம் அதில் அடக்கம். வயலில் திரியும் மயிலை உங்கள் நாய் கவ்வினால் வழக்கு உங்கள் பேரில்தான் வரும். வாழைத்தோட்டத்தில் பன்றி புகுந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நாயை ஏவாதீர்கள். பன்றி தேற்றைப் பல்லால் ஒரு கீறு கீறினால் நாயின் வயிறு கிழிந்துவிடும். இந்த நாயை ஓட விட்டு வளர்க்கலாம், இனத்தைக் காப்பாற்றலாம். அதற்கு மனமிருந்தால் மேலே படியுங்கள்.

2. உங்கள் ஊரைப் பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவை, மயிர் குட்டை. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றும் வறட்சியும் அவற்றுக்கு ஒத்துப்போகும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் இரண்டு பருவமழையும் கொட்டும். ஈரத் தரையில் படுத்தால் சொறி பிடிக்கும், உண்ணி ஏறும். அங்கே இருப்பவர்கள் முதலில் உயர்ந்த, காய்ந்த திண்ணை ஒன்று கட்டுங்கள். தண்ணீர் தேங்கும் வயலோரம் என்றால் எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போட வேண்டும்.

3. முதல் நாய்க்குக் கோம்பை வேண்டாம். முரட்டு நாய் அது, பழகிய கை வேண்டும். ராஜபாளையம் கம்பீரமான நாய். பன்றி வேட்டைக்குப் பேர்போனது. 2005-இல் அஞ்சல்தலையிலும் வந்தது. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும். என்னைக் கேட்டால் கன்னி. கூச்ச சுபாவம், வீட்டு ஆளிடம் உயிரையே வைக்கும்.

4. ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் காதைச் சோதியுங்கள். கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். தனியாக ஒரு அறைக்குக் கொண்டுபோங்கள். அது தரையை மோந்துகொண்டிருக்கும்போது, நிழல் விழாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். பக்கம் மாறி நின்று மறுபடி செய்யுங்கள், ஒரு காது மட்டும் கேளாத குட்டியும் உண்டு. கை தட்டாதீர்கள், காற்று மேலே பட்டே திரும்பிவிடும்.

5. தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' உரையில் பிரதமர் நம் நாய்களின் பெயரைச் சொன்னார். நாடெங்கும் பெயர் பரவியது. பெயர் பரவிய இடத்தில் கிரேஹவுண்ட் கலந்த குட்டியும் சிப்பிப்பாறை என்று விலைபோகும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நாய் பெருக்கி விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 2017-இலேயே விதி வந்துவிட்டது. கூசாமல் கேளுங்கள். குட்டியின் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் குடலில் பூச்சியோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம்.

6. கடுவன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெட்டையை ஒதுக்கினால் இனம் எப்படித் தழைக்கும்?

7. கொழுக்க வைக்காதீர்கள். ஓடும் நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிய வேண்டும்; பட்டினி போடுகிறாயா என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் கேட்கட்டும். கம்பங்கூழ், முட்டை, அவித்து முள் எடுத்த சாளை போதும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல்.

8. ஒரு வயது ஆகும்வரை கடுமையாக ஓட விடாதீர்கள், எலும்பு முற்ற வேண்டும். பிறகு தினமும் ஓட்டம் வேண்டும். கும்பப்பூ நெல் அறுத்துக் காய்ந்த வயல் நல்ல இடம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மயிலும் ஆடும் இல்லை என்று பார்த்த பிறகே சங்கிலியை அவிழுங்கள். இது கண்ணால் விரட்டும் நாய். ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் அதற்குக் கேட்காது. நீளக் கயிற்று நுனியில் சாக்குத்துண்டைக் கட்டி, ஒருவர் சைக்கிளில் இழுத்தால் ஆசை தீர ஓடும்.

9. விடியலில் எழுந்திருக்க முடியாதவரும், நாள் முழுக்கக் கட்டிப்போடத்தான் வசதி உள்ளவரும் இந்த நாயை வாங்க வேண்டாம். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கட்டும். அதுவும் நம் நாட்டு நாய்தான்.