போனில் மிரட்டுபவன் சொல்வது சட்டமல்ல

சம்பளம் கைக்கு வரும் வாரத்தில்தான் அந்த போன் அதிகம் அடிக்கும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்வது, கடன் வசூலிக்க அழைப்பவனுக்கு மனப்பாடம். கேமரன் மலையின் ரிங்லெட்டிலும் ஹாபுவிலும் தேயிலைத் தோட்டத்தையோ காய்கறி, பூப் பண்ணைகளையோ நம்பி வாழும் வீடுகளில் இந்த அழைப்புக்குப் பயந்து போனைக் கவிழ்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அழைப்பவன் சொல்லும் வசனங்களோ எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவாய், அம்மா கட்ட வேண்டும், கிராணியிடம் சொல்லிச் சம்பளத்தைப் பிடிப்போம், பாஸ்போர்ட்டை முடக்குவோம். இவற்றைத் தோட்டத்து மக்களில் பலர் சட்டமென்றே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால்தான் அவன் குரலுக்கு இவ்வளவு பலம்.

வாங்கிய கடனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில் கட்டுவது என்பதை மிரட்டுபவன் தீர்மானிக்க விடக்கூடாது.

நம்பிக்கை: கடன் கட்டாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துப் போகும்

இந்த பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் கப்பல் செலவைக் கடனாகத் தலையில் சுமந்துதான் இறங்கினார். அது தீருமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், அதற்குச் சிறை உண்டு. கடன்பட்டவனைப் பிடித்து வர அரசாங்கமே ஆள் அனுப்பிய காலம் அது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு பயணச் செலவு தொழிலாளியின் கடனாக எழுதப்படுவது மாறியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையே ஒழிந்தது. ரிங்லெட் பக்கம் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929இல் அந்த முறை போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் போனாலும் அதன் பயம் மட்டும் லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. போனில் பேசுபவன் அதைத்தான் கிளறுகிறான்.

இன்றைக்குக் கடன் என்பது சிவில் விவகாரம். கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்; தீர்ப்பு வாங்கலாம்; அதன்படி வசூலிக்கலாம். தவணை தவறியதற்காகப் போலீஸ் கைது செய்யாது. ஆனால் கடனுக்காகச் சிறையே கிடையாது என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவதும் தவறு. தீர்ப்புக்குப் பிறகு, கடன்பட்டவரின் வருமானத்தை விசாரித்து மாதம் இவ்வளவு கட்டு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கட்டும் வசதி இருந்தும் அந்த உத்தரவை மீறுபவரைச் சிறைக்கு அனுப்ப 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றத்துக் காகிதம் வந்தால் அலமாரியில் செருகி வைக்காதீர்கள். குறித்த நாளில் போய் நின்று, இதுதான் சம்பளம், இத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சொன்னால் அதைக் கேட்டுத் தவணை குறிப்பார்கள். போகாமல் விட்டால் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஆளில்லாமலே தீர்ப்பாகிவிடும்.

திவால் மிரட்டலும் இந்த வகைதான். ஒருவரைத் திவாலாக்க வழக்குத் தொடர வேண்டுமானால் கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். மூவாயிரம் வெள்ளிக் கடனுக்குத் திவாலாக்குவேன் என்பவன் பொய் சொல்கிறான். வெளிநாடு போகத் தடை என்பது திவாலானவருக்கு வரும் கட்டுப்பாடு. போனில் பேசுபவன் யாருடைய பாஸ்போர்ட்டையும் முடக்க முடியாது.

நம்பிக்கை: எழுதிக் கொடுத்தாயிற்று, ஆலோங் கேட்பதைக் கட்டித்தான் ஆக வேண்டும்

அழைப்பவன் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். வங்கியோ வங்கி அமர்த்திய வசூல் நிறுவனமோ இருக்கலாம். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் இருக்கலாம். உரிமமே இல்லாத ஆலோங்காகவும் இருக்கலாம். இந்த மூவரில் யார் என்பதற்கேற்ப நீங்கள் செய்ய வேண்டியதும் மாறும்.

உரிமம் உள்ளவரை 1951ஆம் ஆண்டு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அடமானம் வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காடு, அதற்கு மேல் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி கடன் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும். அடமானமில்லாத கடனுக்கான ஒப்பந்தப் படிவத்தை 'ஜே' அட்டவணை என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடமானமில்லாமல் ஆயிரம் வெள்ளி, ஓராண்டுக்கு. வட்டி 180 வெள்ளி. மொத்தம் 1,180. மாதத் தவணை 98 வெள்ளி 33 காசு. ஒரு தவணை ஒரு மாதம் தாமதமானால்? தாமத வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு, அதுவும் தனிவட்டி. 98 வெள்ளிக்கு ஒரு மாதத்தில் அது ஒரு வெள்ளிகூட ஆகாது, 66 காசு.

இனி ஆலோங் கணக்கு. ஆயிரம் கேட்டால் இருநூறைப் பிடித்துக்கொண்டு எண்ணூறைக் கையில் கொடுத்து, வாரம் நூறு வட்டி என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 வாரத்தில் 5,200 வெள்ளி கட்டியிருப்பீர்கள். அசலில் ஒரு காசும் குறைந்திருக்காது, ஆயிரம் அப்படியே நிற்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. இந்தக் கணக்கைப் பிள்ளைகளின் நோட்டிலாவது எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. அடுத்த வாரம் நூறு வெள்ளி புரட்ட முடியுமா என்பது மட்டுமே அவசரத்தில் இருப்பவருக்குக் கண்ணில் படும். அந்த நூறு ஐம்பத்திரண்டு முறை திரும்பி வரும் என்பது படுவதில்லை.

உரிமம் இல்லாதவர் செய்த கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. உரிமமின்றி வட்டித் தொழில் செய்பவருக்கு அபராதம் இரண்டரை லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சம் வெள்ளி வரை, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழக்குப் போட முடியாதவன் என்பதால்தான் அவன் போனையும் சிவப்புச் சாயத்தையும் கேட்டில் மாட்டும் பூட்டுச் சங்கிலியையும் நம்பியிருக்கிறான். ஏடிஎம் கார்டையும் அடையாள அட்டையையும் பிடுங்கி வைத்திருந்தால் அதுவும் ஒரு தடயம். உரிய காரணமில்லாமல் இன்னொருவரின் அடையாள அட்டையை வைத்திருப்பது தனியாகவே ஒரு குற்றம்.

நம்பிக்கை: மகன் வாங்கினால் தாய் கட்ட வேண்டும்

வேண்டாம். ஜாமீன் கையெழுத்துப் போடாத தாய்க்கும் மனைவிக்கும் அண்ணன் தம்பிக்கும் அந்தக் கடனில் எந்தப் பொறுப்பும் இல்லை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் கேட்கலாம். பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து அல்ல.

ஜாமீன் போட்டவர் கதை வேறு. அவர் மீது வழக்கு வரும். என்றாலும் படிப்பு, வீடு, சொந்த உபயோகத்துக்கான வாகனம் ஆகியவற்றுக்கு லாபநோக்கமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பாற்றுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அழைப்பவன் ஏன் தாய்க்கே போன் போடுகிறான்? வெட்கத்துக்காகத்தான். டிவிஷனில் ஒரு வீட்டுக்கு வந்த போன் மறுநாள் காலை கொழுந்து மலைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். கோயில் கமிட்டியில் தெரியும், பள்ளியில் தெரியும், மண்டோருக்குத் தெரியும். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். இதற்கு அஞ்சி, தோட்டுத் தொங்கட்டானை அடகு வைத்து அம்மா கட்டுகிறார். கட்டியவுடன் அவர் எண் இன்னும் நல்ல எண்ணாகப் பட்டியலில் ஏறுகிறது. மறுபடியும் அவருக்கே அழைப்பு வரும்.

கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் கொடுமை. செயலியை இறக்கும்போது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டால், நம் போனில் உள்ள அத்தனை பேரும் அவன் கைக்குள். தங்கைக்கு, பழைய ஆசிரியருக்கு, முதலாளிக்கு, படத்தோடு செய்தி போகும். இப்படிச் செய்தி போய்விட்டால் நாமே உறவினரிடமும் மண்டோரிடமும் முந்திச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கடன் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு போன் வந்தால் பேசாமல் எண்ணை மட்டும் குறித்துத் தாருங்கள் என்று சொல்லுங்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து யாரும் மிரட்ட முடியாது.

வங்கி அமர்த்திய வசூல் நிறுவனத்தின் நடத்தைக்கு அந்த வங்கியே பொறுப்பு. கடன் விவரத்தை மூன்றாம் ஆளிடம் சொல்வதையும், மிரட்டுவதையும், கெட்ட வார்த்தையையும் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதிப்பதில்லை. அந்தப் புகாரை முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்; பதில் சரியில்லையென்றால் 1-300-88-5465 என்ற பேங்க் நெகாரா எண்ணுக்கு அழையுங்கள். வசூல் நிறுவனங்களையும் உரிம முறைக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியிருக்கிறது. இவ்வளவு காலம் தாமதித்தது வருத்தம்தான்.

சம்பளத்தைப் பிடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரோ போன் செய்தார்கள் என்பதற்காக முதலாளி உங்கள் சம்பளத்தில் கைவைக்க முடியாது. எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. கிராணிக்கு இது தெரியாவிட்டால் தொழிலாளர் இலாகாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: சும்மா ஐம்பது வெள்ளி போட்டால் விட்டுவிடுவார்கள்

பழைய கடன்களில் இது பெரிய கண்ணி. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. ஆறு ஆண்டு கடந்த கடனை விலைக்கு வாங்கிக்கொண்டு அழைப்பவர்கள், நல்லெண்ணத்துக்கு ஐம்பது போடுங்கள் என்பார்கள். கொஞ்சம் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கிவிடலாம். கட்டுவதற்கு முன் எந்த ஆண்டுக் கடன், கடைசியாக எப்போது கட்டினேன், மூல ஒப்பந்தம் எங்கே, கணக்கு அறிக்கை எங்கே என்று கேளுங்கள். எழுத்தில் தராதவனுக்குக் காசு தராதீர்கள். கட்டுவதானால் வங்கியின் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள், அழைத்தவன் சொல்லும் தனியாள் கணக்கில் அல்ல. நீங்கள் வாங்காத கடனைக் கேட்டு மிரட்டியதில் பணமும் அனுப்பிவிட்டீர்கள் என்றால், மோசடி என்று தெரிந்த அந்த நிமிடமே 997க்கு அழையுங்கள்.

கறுப்புப் பட்டியல் என்ற மிரட்டலுக்கும் அடித்தளம் இல்லை. பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் கடந்த 12 மாதம் தவணை எப்படிக் கட்டினீர்கள் என்பது தெரியும். தொடர்ந்து ஒழுங்காகக் கட்டினால் பழைய தவறுகள் அந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்துவிடும்.

நம்பிக்கை: சிம்மை மாற்றினால் தீர்ந்தது

தீராது. போன் நின்றதும் அம்மாவுக்கு அடிப்பார்கள். வங்கிக் கடனாக இருந்தால் வட்டி பேசாமல் ஏறிக்கொண்டே போகும். வீட்டையும் மாற்றியிருந்தால் நீதிமன்ற அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய் நீங்கள் பார்க்காமலே தீர்ப்பாகும்.

வங்கிக் கடன் கட்ட முடியாத நிலை வந்துவிட்டால் ஏகேபிகே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம், ஈப்போவிலும் குவாந்தானிலும் கிளை உண்டு, 03-2616 7766 என்ற எண்ணில் பேசலாம். சம்பளச் சீட்டையும் கடன் பத்திரங்களையும் வைத்துக் கணக்குப் பார்த்து, எல்லா வங்கிக் கடனையும் சேர்த்துத் தாங்கக்கூடிய ஒரே தவணையாக மாற்றிப் பேசித் தருவார்கள். காசு வாங்குவதில்லை. கடனை அடைத்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் தரகர்களிடம் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஏகேபிகேயால் ஆலோங்கோடு பேச முடியாது. அதற்குப் போலீஸ்தான்.

நம்பிக்கை: போனில் திட்டினால் போலீஸ் ஒன்றும் செய்யாது

தொல்லை தரும் நோக்கத்தோடு ஒருவரைத் திரும்பத் திரும்ப அழைப்பதே குற்றம். பெயர் சொல்லாமல் அழைத்தாலும், எடுத்ததும் துண்டித்தாலும் குற்றம். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2025 பிப்ரவரியில் இதற்கான தண்டனை 50,000 வெள்ளி அபராதம், ஓராண்டுச் சிறை என்ற உச்சத்திலிருந்து ஐந்து லட்சம் வெள்ளி, இரண்டு ஆண்டு என்று உயர்ந்தது. உயிரையோ உடலையோ சொல்லி மிரட்டினால் குற்றவியல் சட்டத்தின் 503, 506 பிரிவுகள். விடாமல் பின்தொடர்ந்து பயமுறுத்துவது 2023 மே மாதத்திலிருந்து 507ஏ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடன் உண்மையாகவே இருப்பது இவற்றுக்கு மன்னிப்பு ஆகாது.

இதற்குச் சாட்சி வேண்டும், அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அழைப்புப் பட்டியலைப் படம் பிடித்து வையுங்கள். குரல் செய்தியை அழிக்காதீர்கள், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். பழைய நோட்டு ஒன்றில் தேதி, மணி, எண், சொன்ன சொல் என்று எழுதி வாருங்கள். கட்டிய ரசீதுகளையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்காமல் 999.

ரிங்லெட் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஊரில் பார்ப்பார்கள் என்று கூச்சமானால் தாப்பாவுக்கு இறங்கிப் போய்க் கொடுக்கலாம். எந்த நிலையத்திலும் ஏற்றுக்கொள்வார்கள். கடன் கதையில் தொடங்காதீர்கள். கடன் சிவில் விவகாரம், இங்கே எதற்கு வந்தாய் என்று திருப்பி அனுப்ப அது வழி கொடுக்கும். இந்த எண்ணிலிருந்து இந்த நாளில் இத்தனை முறை அழைத்து இப்படி மிரட்டினான் என்று தொடங்குங்கள். மலாய் எழுத வராவிட்டால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். மிரட்டிய சொற்கள் அப்படியே புகாரில் இருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, புகாரின் நகலை வாங்கிக்கொண்ட பிறகே நிலையத்தை விட்டு வாருங்கள்.