பி.காம். முடித்து வக்கீலுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையில் சட்டப் புத்தகத்தை உருப்போடுவதைவிட, தெரிந்த வக்கீலின் அனுமதியோடு ஒரு செக் மோசடி வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பது மேல். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது செக் கொடுத்தவர் கைக்குப் போனபின் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். ரிட்டர்ன் மெமோ, தபால் ஒப்புகை அட்டை இரண்டையும் வைத்துத் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். வழக்கு நிற்குமா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இதைக் கல்லூரியிலேயே சொல்லித்தர மாட்டார்களா என்று கேட்கலாம். பிரிவைச் சொல்லித்தருவார்கள்தான். ஆனால் ‘கடனுக்கல்ல, செக்யூரிட்டிக்குக் கொடுத்தது’ என்று எதிர்த்தரப்பு சாதிக்கும்போது லெட்ஜரில் எந்த வரியைத் தேடுவது என்பது கோப்பில்தான் பிடிபடும். லெட்ஜர் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் சீக்கிரமாக. வக்கீல் பழக்கம் இல்லாதவர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து குறுக்கு விசாரணையைக் கேட்கலாம். செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.