மீந்த கண் சொட்டு மருந்தும் வீட்டுப் பூனையும்

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்கு நாங்கள் தரும் சொட்டு மருந்துகளுள் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு மருந்து இருக்கும். சிகிச்சை முடிந்த பின்னும் குப்பியில் சிறிது மீந்திருப்பதுண்டு. வீட்டுப் பூனையின் கண் சிவந்து நீர் வடியும்போது, அக்குப்பியை எடுக்கத் தோன்றுவது இயல்பே. அவ்வாறு செய்வது பூனையின் பார்வையையே பறிக்கக்கூடும் என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூனைகளின் கண் சிவப்பதற்குத் தொற்று ஒரு முக்கியக் காரணம். அதிலும் பூனைகளுக்கே உரிய ஹெர்ப்பிஸ் வைரஸ் குறிப்பிடத்தக்கது. குட்டிப் பருவத்தில் சளி, தும்மலுடன் வரும் இவ்வைரஸ், நோய் தணிந்த பின்னும் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, உடல் சோர்வுறும் காலத்தில் மீண்டும் தலைதூக்கும். கருவிழியின் மேலடுக்கை அரித்துப் புண்ணாக்கும். மற்றொரு பூனையின் நகக்கீறலும் இத்தகைய புண்ணை உண்டாக்கலாம்.

ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிப்பதால் சிவப்பு குறையும். ஆனால் அதே மருந்து கண்ணின் எதிர்ப்பாற்றலை அடக்கிப் புண் ஆறுவதையும் தடுக்கும். நோய் குணமாவதாக நாம் எண்ணியிருக்க, புண் ஆழமாகிக் கருவிழியில் துளையே விழக்கூடும்.

இப்புண் பல நேரங்களில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் ஃபுளோரசின் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் நோக்குவார். புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிடங்களே பிடிக்கும் இச்சோதனைக்குப் பின்னரே மருந்தைத் தீர்மானிக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சினால் கண்ணோரத்தை மென்மையாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சைப் பயன்படுத்துங்கள். வலி தணியட்டுமென்று பாராசிட்டமால் தரவே கூடாது. அதனை நச்சின்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

கண்ணைத் திறக்க மறுத்தல், கருவிழி மங்குதல், சீழ் வடிதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கால்நடை மருத்துவர் தந்த சொட்டு மருந்தை இடும்போது, பூனையின் முதுகு உங்கள் பக்கம் இருக்குமாறு அமர்த்தி, முகவாயைச் சற்றே உயர்த்தி, குப்பியை மேலிருந்து கொண்டு வாருங்கள். எதிரே கையை நீட்டினால் அது மிரளும். குப்பியின் முனை கண்ணில் படலாகாது. இரண்டு மருந்துகள் இருப்பின், இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். முன்னும் பின்னும் சோப்பினால் கைகழுவுங்கள். கண் தெளிந்துவிட்டது எனக் கருதி, மருத்துவர் குறித்த நாளுக்கு முன்பே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் சிகிச்சை முடிந்ததும், மீந்த சொட்டு மருந்தை அப்புறப்படுத்திவிடுங்கள். திறந்து ஒரு மாதம் கடந்த குப்பி உங்கள் கண்ணுக்கும் உகந்ததன்று.