காவலில் தந்த ஒப்புதல் சான்றாகுமா?

"கொலையாளி குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று நாளேட்டில் படிக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து அதே வழக்கில் விடுதலை என்று செய்தி வருகிறது. "தானே ஒப்புக்கொண்டவனை எப்படி விட்டார்கள், ஐயா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் சட்டம் பயின்றவன் அல்லன், வரலாறு கற்பிப்பவன். ஆயினும் இவ்வினாவின் விடை வரலாற்றில்தான், அதுவும் நம் பழைய சென்னை மாகாண வரலாற்றில்தான் தொடங்குகிறது.

வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் இம்மாகாணத்தில் மக்கள் வதைக்கப்படுகின்றனர் என்ற முறையீடு இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியது. அதன் பயனாக அமைந்த விசாரணைக் குழு 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. அதில் இரு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று கிட்டி: விரல்களை இரு கோல்களுக்கிடையே வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து நிறுத்துவது. அக்காலத்தில் வரி தண்டிய தாசில்தாரிடமே போலீசு அதிகாரமும் இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசாரிடம் கூறிய ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என விதித்தது. அவ்விதி 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 ஆகிய பிரிவுகளாக இடம்பெற்றது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இம்மூன்றும் 23-ஆம் பிரிவில் அடங்கியுள்ளன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது 24-ஆம் பிரிவு. அதன்படி அச்சுறுத்தல் நிகழ்ந்திருக்கலாம் என்று நீதிமன்றத்திற்குத் தோன்ற வேண்டும். 25-ஆம் பிரிவோ அடித்தார்களா என்று கேட்பதே இல்லை. போலீசு அதிகாரியிடம் சொன்னது என்றாலே விலக்கிவிடுகிறது. நாற்சுவருக்குள் நடந்ததை எதிரி எவ்வாறு மெய்ப்பிப்பான்? காவலில் உள்ளவன் வேறொருவரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட்டு நேரில் இருந்தாலொழிய அதுவும் செல்லாது என்கிறது 26. சென்னை மாகாணத்துக் கிராம முன்சீப்பு இதன்பொருட்டு மாஜிஸ்திரேட்டு ஆகமாட்டார் என்று அதன் விளக்கவுரையில் நம் மாகாணத்தைப் பெயர் சுட்டியே எழுதியிருந்தனர்! முறையான ஒப்புதல் வேண்டுமெனில் மாஜிஸ்திரேட்டிடம் செல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், சொன்னால் அது எதிராகப் பயன்படலாம் என்பதையும் அவர் முதலில் எடுத்துரைக்க வேண்டும். எதிரி மறுத்துவிட்டால் அவனை மீண்டும் போலீசுக் காவலுக்கு அனுப்பக் கூடாது.

இத்தனை தாழ்ப்பாள்களுக்கும் நடுவே ஒரு திறந்த கதவு 27-ஆம் பிரிவு. எதிரி தந்த செய்தியால் ஏதேனும் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். குண்டூர் மாவட்டத்துப் புலுக்கூரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் 1946-இல் இதன் எல்லையை வரையறுத்தது. "நான் அவனைக் குத்தினேன், குத்திய கத்தியை வைக்கோற்போரில் ஒளித்துள்ளேன், வந்தால் காட்டுகிறேன்" என்று ஒருவன் சொல்வதாகக் கொள்வோம். ஒளித்து வைத்ததும் காட்டுவதும் ஏற்கப்படும். குத்தினேன் என்பது நீக்கப்படும். அக்கத்திதான் கொலைக்கருவி என்பதை வேறு சாட்சியத்தால் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும்.

அறிவுக்கு ஒத்த விதிதான். ஆனால் என் கருத்தில் இதன் வலிமை முழுவதும் மகசர் சாட்சிகளின் நேர்மையையே சார்ந்துள்ளது. போலீசாரே கத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தால், அந்தக் கதவு வழியே 25-ஆம் பிரிவு முழுவதும் வெளியேறிவிடும். நீதிமன்றங்கள் கைப்பற்றிய இடம், நேரம், சாட்சி மூன்றையும் துருவி ஆராய்வது இதனால்தான்.

பின்னாளில் விதியையே மாற்றிய சட்டங்களும் வந்தன. 1987-ஆம் ஆண்டுத் தடாச் சட்டம், போலீசுக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர் பதிவு செய்யும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. உச்சநீதிமன்றம் 1994-இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் இதைச் செல்லும் என்றது. சட்டம் 1995-இல் காலாவதியாயிற்று. ஆயினும் ராசீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தபோது அத்தகைய ஒப்புதல்களே பெருந்துணையாயின. 1999-இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் தடாக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஒப்புதல்களை மட்டும் கொலைக் குற்றத்திற்கும் சான்றாக ஏற்றுக்கொண்டது. 19 பேர் வெளியே வந்தனர்; நால்வரின் மரண தண்டனை அன்று உறுதியாயிற்று.